கடலைக் காட்டுகிறேன் என்று காசு வாங்கினால் கடலைக் காட்டுங்கள்!

லாஸ் ஏஞ்சலஸிலிருந்து சான் டியாகோவுக்குப் பழைய காலத்துத் தனியார் ரயில் பெட்டியில் ஒரு நாள் உலா. விளம்பரத்தைப் பார்த்திருப்பீர்கள்: பளபளக்கும் எஃகுப் பெட்டி, கண்ணாடிக் கூரை, வெள்ளை விரிப்புப் போட்ட மேசை, ஜன்னல் நிறையப் பசிபிக் கடல். வழக்கமான ரயிலில் ஒரு வழிக்கு முப்பத்தைந்து டாலருக்குப் பக்கத்தில் முடிகிற பயணத்துக்குப் பல மடங்கு கொடுத்து வாங்குகிறார்கள். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள், ஒரு முறையாவது கூட்டிப்போவோம் என்று நம்மவர்களும் வாங்குகிறார்கள். பெட்டிகள் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. எழுபது வருஷத்துக்கு முந்தைய பெட்டியை இன்றைக்கும் ஓடுகிற நிலையில் வைத்திருப்பது பெரிய காரியம், அதைச் செய்கிறவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். என் ஆத்திரமெல்லாம் டிக்கெட் விற்கிற விதத்தின் மேல்தான். சொல்ல வேண்டிய எதையும் சொல்லாமலே பணத்தை வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள்.

முதலில் சீட். இந்தப் பாதை 128 மைல், சுமார் 206 கிலோமீட்டர். அதில் கடல் எங்கே இருக்கிறது? லாஸ் ஏஞ்சலஸை விட்டால் கான்கிரீட் போட்ட ஆறு, கிடங்குகள், ஃபுல்லர்டன், சாண்டா ஆனா, அர்வைன். முதல் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒரு சொட்டுக் கடல் கிடையாது. சான் வான் கேபிஸ்ட்ரானோ தாண்டிய பிறகுதான் ரயில் மணலை ஒட்டி இறங்கும். சான் கிளமென்டேயில் அலை தண்டவாளத்துக்குக் கீழேயே அடிக்கும். அப்புறம் ஓஷன்சைடு, நடுநடுவே உப்பங்கழிகள், டெல் மார் குன்றின் விளிம்பில் 1.7 மைல். அதோடு சரி, ரயில் சொரென்டோ பள்ளத்தாக்குப் பக்கம் உள்ளே திரும்பிவிடும். கடலோரம் என்று சொல்லக்கூடிய நேரம் ஒரு வழிக்கு ஒரு மணிக்குள்தான்.

போகும்போது கடல் வலது பக்கம். வரும்போது இடது பக்கம். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். "போகும்போது அந்தப் பக்கம் தெரியாவிட்டால் வரும்போது தெரியும்" என்று நினைத்துக்கொள்கிறார்கள். தெரியாது! சான் டியாகோவில் பெட்டியைத் திருப்பிப் போடுவதில்லை. பெட்டியின் மேற்குப் பக்கம் வரும்போதும் மேற்குப் பக்கம்தான். கிழக்குப் பக்க மேசையில் உட்கார்ந்தவர் போகும்போதும் ஹைவேயைப் பார்ப்பார், வரும்போதும் ஹைவேயைப் பார்ப்பார், இரண்டு பக்கத்துக்கும் ஒரே விலை. சான் டியாகோவில் திரும்ப ஏறும்போது இரு பக்கத்தாரும் இடம் மாறிக்கொள்ளுங்கள் என்று ஒரு வரி சொல்ல என்ன செலவு? இருக்கை அட்டையைக் குறுக்காக மாற்றி வைக்க ஐந்து நிமிஷம் ஆகுமா? அதைக்கூடச் செய்யாத ஆட்கள் விருந்தோம்பல் பற்றிப் பேசக்கூடாது.

கண்ணாடிக் கூரை மாடமும் இதே கதை. 1940களின் கடைசியில் பட் கம்பெனி கட்டிய டோம் பெட்டிகளில் மேலே 24 இருக்கைதான். கீழே இன்னும் எத்தனையோ பேர். எல்லாருக்கும் "டோம் அனுபவம்" என்று விற்றுவிட்டு, ஏறின நிமிஷத்திலிருந்து அரை மணிக்கு ஒரு குழு என்று சுழற்சி விடுகிறார்கள். முதல் குழுவுக்குக் கிடங்குக் கூரைகள், அடுத்த குழுவுக்குப் பார்க்கிங் மைதானங்கள். சுழற்சியைக் கடிகாரத்தை வைத்துப் போடக்கூடாது, இடத்தை வைத்துப் போட வேண்டும். சான் வான் கேபிஸ்ட்ரானோவிலிருந்து டெல் மார் வரை போகும்போது ஒரு குழு, அதே துண்டில் வரும்போது மறு குழு. அவ்வளவுதான் கணக்கு. வேலையை அறிந்தவர்கள் இப்படித்தான் செய்கிறார்கள்.

அடுத்தது மாதம். டிசம்பரில் சான் டியாகோவில் மாலை ஐந்து மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். ஐந்து மணிக்கு மேல் திரும்புகிற ரயிலில் டிக்கெட் வாங்கினால் டெல் மாரைத் தாண்டும்போது இருட்டு. உள்ளே விளக்கு எரியும், ஜன்னலில் உங்கள் முகம்தான் தெரியும். மே, ஜூனில் வேறு தொல்லை: கடல் மேகம் காலையில் கரையை மூடிவிடும், பல நாள் மதியம் வரை விலகாது. தெற்கே போகிற காலை ரயில் சரியாக அந்த நேரத்தில்தான் கரையில் ஓடும். கடற்கரையில் இருப்பவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். விற்கிறவர்கள் மட்டும் சொல்ல மாட்டார்கள். செப்டம்பர், அக்டோபரில் வானம் பெரும்பாலும் தெளிவு. என்னைக் கேட்டால் அந்த இரண்டு மாதம்தான் இதற்குச் சரியான காலம்.

ஜன்னலுக்கு வருவோம். பழைய பெட்டி ஜன்னல் இரட்டைக் கண்ணாடி. இரண்டுக்கும் நடுவில் காற்றை அடைத்து ஓரத்தில் சீல் வைத்திருப்பார்கள். சீல் வெடித்தால் ஈரம் உள்ளே போகும். அதை உறிஞ்ச வைத்த பொருள் நிறைந்துபோனதும் நடுவில் வெள்ளைப் படலம் படியும். வெளியிலிருந்து துடைத்தாலும் போகாது, உள்ளிருந்து துடைத்தாலும் போகாது. சட்டத்தோடு கழற்றிப் புதிதாக அடைத்தால்தான் தீரும். கல்லெறிக்குப் பயந்து பாலிகார்பனேட் போட்ட பெட்டிகளில் வேறு கேடு: வருஷக்கணக்கான வெயிலில் மஞ்சளிக்கும், கழுவுகிற தூரிகை பட்டுப் பட்டு முழுக்கக் கீறல் விழும். மாலை வெயில் கடல் பக்கமிருந்து சாய்வாக அடிக்கிறபோது அந்தக் கீறல் ஒவ்வொன்றும் ஒளிர்ந்து கண்ணைக் கூசவைக்கும். கடல் பக்கத்தில் இரண்டு ஜன்னல் இப்படி இருக்கிறது என்று பெட்டிக்காரருக்குத் தெரியும். அந்த ஜன்னலோர இருக்கையை விற்காமல் விடலாம், பாதி விலைக்குக் கொடுக்கலாம். முழு விலைக்கு விற்பது அநியாயம்.

வட்ட முனையுள்ள அப்சர்வேஷன் பெட்டியின் படம் எல்லா விளம்பரத்திலும் இருக்கும்: சோபாவில் சாய்ந்து, பின்னால் ஓடி மறைகிற தண்டவாளத்தைப் பார்ப்பது போல. அது ஒரு வழிக்கு மட்டும்தான் உண்மை. திரும்பும்போது அந்த முனை எஞ்சினையோ பக்கத்துப் பெட்டியையோ முட்டிக்கொண்டு நிற்கும். தனியார் பெட்டியைக் கோத்து இழுப்பது இந்தப் பாதையின் வழக்கமான ரயிலான சர்ஃப்லைனர். அதில் ஒரு முனையில் எஞ்சின், மறு முனையில் ஓட்டுநர் அறையுள்ள பெட்டி. அதனால்தான் ரயிலைத் திருப்பாமல் முன்னும் பின்னும் ஓட்டுகிறார்கள். ஒரு முனைக்கு வெளியே தனியார் பெட்டியைக் கோத்தால் அந்த முனையிலிருந்து ஓட்ட முடியாது. திரும்ப வேண்டுமானால் எஞ்சினை மறு முனைக்குக் கொண்டுவர வேண்டும், இல்லையென்றால் பெட்டியை இடம் மாற்ற வேண்டும். எப்படிச் செய்தாலும் வட்ட முனை திசை மாறாது. அதை மாற்ற முக்கோணப் பாதையில் பெட்டியைச் சுற்றி எடுக்க வேண்டும். ஒரு நாள் உலாவில் அதற்கு யாருக்கு நேரம்?

பெட்டியைக் கோக்கிற இந்த வேலையில்தான் ஏசியும் போகிறது. பெட்டிக்கு வேண்டிய 480 வோல்ட் மும்முனை மின்சாரம் எஞ்சினிலிருந்து தடித்த ஜம்பர் கேபிள்கள் வழியாக வருகிறது. பெட்டியைக் கோக்கவும் கழற்றவும் மின்சாரத்தை நிறுத்தித்தான் ஆக வேண்டும். அப்போது பேட்டரியில் விளக்கு எரியும், ஏசி நிற்கும். திறக்கவே முடியாத ஜன்னல், எஃகுக் கூடு, மேலே கண்ணாடிக் கூரை. வெயில் காலத்தில் பத்து நிமிஷத்தில் டோமில் உட்கார முடியாது. பெட்டிக்கு அடியில் சொந்த ஜெனரேட்டர் இருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை. "உங்கள் பெட்டியில் ஜெனரேட்டர் இருக்கிறதா, ஓடுகிறதா?" இந்தக் கேள்விக்கு வளவளவென்று பதில் வந்தால் ஆகஸ்ட் மாதம் வாங்காதீர்கள்.

அப்பா அம்மாவைக் கூட்டிப்போகிறவர்கள் இதைக் கவனியுங்கள். கலிஃபோர்னியா பிளாட்பாரங்கள் தாழ்வு, தண்டவாளத்துக்கு மேல் சுமார் 20 சென்டிமீட்டர். பழைய பெட்டியின் தளம் சுமார் 130 சென்டிமீட்டர். நடுவில் உள்ள ஒரு மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தைக் குறுகலான செங்குத்துப் படியில் கைப்பிடியைப் பிடித்து ஏற வேண்டும், டோமுக்குப் போக உள்ளே இன்னொரு படி. முழங்கால் வலிக்காரர்களுக்கு இது தண்டனை. சர்ஃப்லைனரின் சொந்த மாடிப் பெட்டியில் கீழ்த்தளத்தில் கிட்டத்தட்ட ஒரு படிதான், சாய்வுப் பலகையும் உண்டு. முழங்கால் தாங்குகிறவர்கள் அதன் மேல்தளத்துக்குப் போனால், ஒற்றைத் தளப் பழைய பெட்டியைவிட உயரத்திலிருந்து கடல் தெரியும். இதைச் சொன்னால் வியாபாரம் கெட்டுவிடுமே என்றுதான் வாயைத் திறப்பதில்லை.

எல்லாவற்றையும்விட வயிறு எரிவது பாதை அடைப்பில். சான் கிளமென்டேயில் மலைச்சரிவு நகர்கிறது, கீழே கடற்கரை மணல் கரைகிறது, நடுவில் ஒற்றைத் தண்டவாளம். 2022 செப்டம்பர் கடைசியில் பயணிகள் ரயில் நின்றது, மாதக்கணக்கில் நின்றது. 2023 ஏப்ரலில் மறுபடி முழுமையாகத் திறந்த சில நாளிலேயே மேலிருந்து மண் சரிந்து மறுபடி நிறுத்தினார்கள். 2024 ஜனவரியில் சரிவு நடைபாலத்தையே சாய்த்தது, மார்ச் வரை ரயில் இல்லை. 2025-இல் ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் வரை அவசர வேலைக்காக மூடினார்கள். மூடும்போது சாதாரணப் பயணிக்குப் பஸ் கிடைக்கலாம். தனியார் பெட்டிக்காரர் பஸ்ஸிலா பெட்டியை ஏற்ற முடியும்? உலாவே ரத்து. இத்தனை அடைப்புக்குப் பிறகும் "இயற்கைக் காரணங்களுக்குப் பணம் திருப்பப்படாது, வேறு தேதியில் பயன்படுத்தலாம்" என்று பொடி எழுத்தில் போட்டு விற்கிறார்கள். விமான டிக்கெட் போட்டு வந்த பெற்றோருக்கு வேறு தேதியை வைத்து என்ன செய்வது? வருஷா வருஷம் நடப்பதை எதிர்பாராதது என்று சொல்ல வாய் கூசவில்லையா?

பெட்டி யாருடையதாக இருந்தாலும் இழுப்பது சர்ஃப்லைனரை ஓட்டுகிற அமெரிக்கப் பயணிகள் ரயில் நிறுவனமான ஆம்ட்ராக் என்பதும் மறந்துவிடக் கூடாது. 2018-இல் தனியார் பெட்டிகளுக்கு அவர்கள் கட்டுப்பாட்டை இறுக்கினார்கள். ரயில் போதிய நேரம் நிற்காத இடைநிலையங்களில் கோக்கவோ கழற்றவோ விடுவதில்லை. அன்று காலை பரிசோதனையில் பிரேக்கிலோ சக்கரத்திலோ குறை கண்டால் பெட்டி அங்கேயே கழற்றி விடப்படும். அது பாதுகாப்பு, அதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. ஆனால் பெட்டி நின்றுவிட்டால் பயணிக்கு என்ன என்பதை டிக்கெட்டிலேயே எழுதுங்கள். அதே ரயிலில் சாதாரண இருக்கை தருவீர்களா? வித்தியாசப் பணம் எத்தனை நாளில் திரும்பும்?

வாங்குகிறவர்கள் போனில் பேசி முடிக்காதீர்கள், மின்னஞ்சலில் கேளுங்கள். என் இருக்கை மேற்கா கிழக்கா? சான் டியாகோவில் இடம் மாற்றுவீர்களா? டோம் முறை எந்த ஸ்டேஷனிலிருந்து எந்த ஸ்டேஷன் வரை? ஜெனரேட்டர் உண்டா? பாதை மூடினால் பணமா, வேறு தேதியா? இந்த ஐந்துக்கும் எழுத்தில் பதில் வராமல் கார்டு நம்பரைக் கொடுக்காதீர்கள். கொடுத்து ஏமாந்தவர்கள் அந்த விளம்பரத்தின் நகலையும் மின்னஞ்சலையும் வைத்துக் கார்டு வங்கியிடம் முறையிடுங்கள். தாமதிக்க வேண்டாம், முறையிடக் கெடு உண்டு.