நாஷுக்கு மோதிரம் இல்லை என்று இனி என்னிடம் சொல்லாதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை அந்த வீடியோவின் கீழே, கனடியக் கூடைப்பந்து வீரர் ஸ்டீவ் நாஷைப் பற்றி நடந்த பேச்சை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதை மறுபடியும் இங்கே ஒட்டப் போவதில்லை. எழுதிய தம்பி யார் என்றும் சொல்லமாட்டேன். அவனை எனக்குத் தெரியும், நல்ல பெடியன். ஆனால் "மோதிரம் இல்லாத ஆள், இரண்டு எம்விபியும் சும்மா கிடைத்தது, ஷேயின் பெயரோடு அவர் பெயரைச் சேர்த்து எழுதாதீர்கள்" என்று அவன் எழுதியதும், அதற்குக் கீழே அத்தனை பேர் சிரித்துவிட்டுப் போனதும் இரண்டு நாளாக மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. தெரியாதவர்களுக்கு: மோதிரம் என்பது வட அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் கோப்பையை வென்றவர்களுக்குக் கொடுப்பது, எம்விபி என்பது ஒரு பருவத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஷே கில்ஜஸ் அலெக்சாண்டர் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஹாமில்டனில் வளர்ந்த பையன் 2025இல் எம்விபியும் வாங்கி, அதே வருடம் ஓக்லஹோமாவுக்குக் கோப்பையும் வாங்கிக் கொடுத்தபோது நானும் இரவு முழுக்கத் தூங்காமல் இருந்தவன்தான். ஆனால் என்பிஏவில் எம்விபி வாங்கிய இரண்டாவது கனடியர் அவர். முதலாவது ஆள் யார்? ஸ்டீவ் நாஷ். 2005இலும் 2006இலும், அடுத்தடுத்து இரண்டு முறை. ஷேயைக் கொண்டாட நாஷை ஏன் கீழே தள்ளவேண்டும்? இதுதான் எனக்குப் புரியவில்லை.

நாஷ் ஆடியது பாயின்ட் கார்ட், அணியின் ஆட்டத்தை நடத்துகிறவரின் இடம். அந்த ஆளின் வேலை பந்தைக் கொடுப்பது. யார் எங்கே ஓடுகிறான், யாருக்கு எந்தக் கையில் பந்து வந்தால் வசதி, யார் மூன்று முறை தவறவிட்டு மனம் சோர்ந்து நிற்கிறான், இவ்வளவையும் பார்த்து, பார்த்த நொடியிலேயே கொடுக்கவேண்டும். அந்த வேலையைச் செய்தவனை அவன் விரலைப் பார்த்து அளக்கக்கூடாது. அவனிடம் பந்து வாங்கியவர்களைப் பார்த்து அளக்கவேண்டும்.

அப்படிப் பார்ப்போமே. 2003-04 பருவத்தில் ஃபீனிக்ஸ் சன்ஸ் 82 ஆட்டங்களில் 29ஐத்தான் வென்றது. அந்தக் கோடையில் நாஷுக்கு 30 வயது. முதுகு நீண்ட நாள் தாங்காது என்று நினைத்து, ஃபீனிக்ஸ் கொடுத்த அளவுக்குப் பணம் கொடுக்க, அப்போது அவர் ஆடிக்கொண்டிருந்த டாலஸ் அணி தயாராக இல்லை. அவர் ஃபீனிக்ஸுக்குப் போனார். அடுத்த பருவம் சன்ஸ் 62 ஆட்டங்களை வென்றது. இதற்குள் இன்னொரு கணக்கு இருக்கிறது. அவர் ஆடிய 75 ஆட்டங்களில் 60 வெற்றி. காயத்தால் அவர் ஆடாத 7 ஆட்டங்களில் 2 வெற்றி. "சும்மா கிடைத்தது" என்று எழுதிய தம்பி இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

2006? சன்ஸின் முக்கிய வீரர் அமாரே ஸ்டவுடமயர் முழங்கால் அறுவைச் சிகிச்சையால் அந்தப் பருவம் முழுக்க 3 ஆட்டம்தான் ஆடினார். ஜோ ஜான்சன் அட்லாண்டாவுக்குப் போய்விட்டார். போனவருக்குப் பதிலாக அங்கிருந்து வந்தவர்களில் ஒருவர் போரிஸ் டியாவ். அட்லாண்டாவில் ஆட்டத்துக்கு 4.8 புள்ளி எடுத்துக்கொண்டிருந்தவர், நாஷ் பக்கத்தில் வந்ததும் 13.3 எடுத்தார். அந்த வருடம் அதிகம் முன்னேறிய வீரர் விருதும் அவருக்கே. மனிதன் ஒரே வருடத்தில் வேறு ஆளாகிவிடுவதில்லை. சரியான இடத்தில் சரியான நேரத்தில் பந்து வந்தது, அவ்வளவுதான். அந்த மீதி அணியை வைத்துக்கொண்டு 54 வெற்றி, மேற்குப் பிரிவின் இறுதிச் சுற்று.

அதே வருடம் கோபி பிரயன்ட் ஆட்டத்துக்கு 35.4 புள்ளி எடுத்தார், அவருக்குத்தான் கொடுத்திருக்கவேண்டும் என்பீர்கள். ரொறன்ரோக்காரனிடம் அந்த வருடத்துக் கோபியைப் பற்றிச் சொல்லித்தரவேண்டாம். ஒரே ஆட்டத்தில் 81 புள்ளியை நம் ஊர் அணி ராப்டர்ஸ் மேல்தான் அடித்தார். அவர் பெரிய ஆட்டக்காரர், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பருவத்தின் முதல் சுற்றில் கோபியின் லேக்கர்ஸ் அணி மூன்றுக்கு ஒன்று என்று முன்னால் நின்றபோது, அங்கிருந்து எழுந்து வந்து தொடரை வென்றது நாஷின் அணி.

இதை ஏன் இவ்வளவு மனதில் எடுத்துக்கொள்கிறேன் என்று கேட்பீர்கள். நான் ரொறன்ரோவின் ஸ்காபரோவுக்கு வந்தபோது எனக்கு 13 வயது. ஆங்கிலம் வராது, உயரமும் இல்லை. பாடசாலை ஜிம்மில் மற்றவர்கள் கூடைப்பந்து ஆடுவதைச் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் ஆள் குறைந்ததால் கூப்பிட்டார்கள். எனக்குப் பந்தைக் கூடைக்குள் போடத் தெரியாது. அதனால் வந்த பந்தை உடனே பக்கத்தில் நின்றவனுக்குக் கொடுத்தேன். அவன் போட்டான். திரும்பிப் பார்த்து என்னை நோக்கி விரலை நீட்டினான். கனடாவில் என்னை ஒருவன் கவனித்த முதல் நாள் அது. ஒரு சொல் ஆங்கிலம் பேசாமலே எனக்கு நான்கு நண்பர்கள் கிடைத்தார்கள்.

அப்புறம் மூன்று வருடம் அந்த அணியில் ஆடினேன். கடைசி வருட விருந்தில் அதிகப் புள்ளி எடுத்தவனுக்குக் கேடயம், தவறித் திரும்பும் பந்தை, அதாவது ரீபவுண்டை, அதிகம் எடுத்தவனுக்குக் கேடயம். அசிஸ்டுக்கு, அதாவது மற்றவன் புள்ளி எடுக்கும்படி பந்தைக் கொடுத்ததற்கு, கேடயம் இல்லை. அதை யாரும் எழுதிவைக்கவே இல்லை என்று பயிற்சியாளர் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் யாரும் எழுதிவைக்கவே இல்லை என்ற அந்தச் சொல் இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அந்தச் சிரிப்பு முகங்களைப் பார்த்தபோது அதே வலிதான் திரும்பி வந்தது.

சரி, உங்கள் மற்றக் கேள்விகளுக்கு வருகிறேன்.

வெள்ளைக்காரர் என்பதால்தான் எம்விபி கொடுத்தார்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். இந்தக் கேள்வியை நான் தூக்கி எறியமாட்டேன். 2005இல் ஷக்கீல் ஓனீலை மிகச் சிறிய வித்தியாசத்தில் அவர் முந்தியபோது அமெரிக்கப் பத்திரிகையிலேயே இதைக் கேட்டார்கள். கேட்பதற்கு அவர்களுக்குக் காரணமும் இருந்தது. ஆனால் அந்த ஒரு வரியோடு ஒரு மனிதனின் பதினெட்டு வருட உழைப்பை முடித்துவிடாதீர்கள். ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவர் அவர். நிறவெறி ஆட்சிக்குள் பிள்ளையை வளர்க்க மனமில்லாமல் பெற்றோர் கனடாவுக்கு வந்தார்கள். எங்களைப் போலக் குண்டுக்குப் பயந்து ஓடிவந்தவர்கள் இல்லைதான், அதை ஒன்றாக்கிப் பேசமாட்டேன். ஆனாலும் பிள்ளைக்காகப் பிறந்த மண்ணை விட்டு வந்த ஒரு வீடு அது. விக்டோரியாவில் வளர்ந்த அந்தப் பையனுக்கு அமெரிக்காவில் ஒரே ஒரு பல்கலைக்கழகம்தான் உதவித்தொகையோடு இடம் கொடுத்தது, சாண்டா கிளாரா. 1996இல், அணிகள் புதிய வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நாளில், ஃபீனிக்ஸ் அவரை 15ஆவது ஆளாகத் தேர்ந்தெடுத்தபோது அந்த ஊர் ரசிகர்களே கூச்சல் போட்டு எதிர்த்தார்கள்.

தற்காப்பு ஆட்டம் வராது என்கிறீர்கள். வராதுதான். ஒத்துக்கொள்கிறேன், அடுத்தது.

புரூக்ளினில் பயிற்சியாளராகத் தோற்றார் என்கிறீர்கள். நாம் பேசுவது ஆட்டக்காரனைப் பற்றி. அதை ஏன் இங்கே இழுக்கிறீர்கள்?

கோப்பைக்கான கடைசித் தொடரான ஃபைனல்ஸ் பக்கமே போகவில்லை என்கிறீர்கள். ஆமாம், போகவில்லை. ஏன் போகவில்லை என்று 2007 மே மாதத்தைப் பார்த்தவர்களிடம் கேளுங்கள். சான் அன்டோனியோ அணியுடனான தொடரில் முதல் ஆட்டம். டோனி பார்க்கரோடு தலை மோதி நாஷின் மூக்குக் கிழிந்தது. இரத்தம் நிற்கவில்லை, கடைசி நிமிடத்தில் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். நான்காவது ஆட்டத்தைச் சன்ஸ் வெல்லப்போகிற நேரம், இன்னும் சில நொடிகள்தான் மிச்சம். சான் அன்டோனியோவின் ராபர்ட் ஹோரி நாஷை இடுப்பால் இடித்து மேசை மேல் தள்ளினார். விழுந்தவருக்காக ஸ்டவுடமயரும் டியாவும் பெஞ்சிலிருந்து எழுந்து சில அடி வைத்தார்கள். பெஞ்சை விட்டு எழுந்ததற்காக இரண்டு பேருக்கும் ஓர் ஆட்டத் தடை. இடித்த ஹோரிக்கு இரண்டு ஆட்டம்தான். தொடர் இரண்டுக்கு இரண்டாக நின்ற நேரத்தில், ஐந்தாவது ஆட்டத்தை அந்த இரண்டு பேரும் இல்லாமல் ஆடி 88க்கு 85 என்று தோற்றார்கள். தொடரும் போய்விட்டது. சான் அன்டோனியோ அந்த வருடம் கோப்பையும் வாங்கிவிட்டது. சட்டம் சட்டம்தான் என்று அன்றைக்கும் சொன்னார்கள், இன்றைக்கும் சொல்கிறீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள். அந்த மூன்று புள்ளியை வைத்து ஒருவரை "வெல்லத் தெரியாதவர்" என்று மட்டும் என் முன்னால் சொல்லாதீர்கள்.

மூன்று வருடம் கழித்து, 2010இல், அதே சான் அன்டோனியோவை நான்குக்குப் பூச்சியம் என்று முடித்தார். கடைசி ஆட்டத்தில் டிம் டன்கனின் முழங்கை பட்டு, கண்ணுக்கு மேலே ஆறு தையல். கண் வீங்கி மூடியேவிட்டது. ஒற்றைக் கண்ணோடு நான்காவது கால்பகுதியை ஆடி முடித்தார்.

இனி ரொறன்ரோக்காரரின் கோபம். 2012இல் ராப்டர்ஸ் மூன்று வருடத்துக்கு 36 மில்லியன் டொலர் தருவதாகச் சொன்னது. அவர் அதைவிடக் குறைந்த பணத்துக்கு லேக்கர்ஸுக்குப் போனார். துரோகி என்று ஊரே திட்டியது. நானும் திட்டினேன், அதை மறைக்கவில்லை. அவருடைய பிள்ளைகள் ஃபீனிக்ஸில் இருந்தார்கள், பக்கத்தில் இருக்கவேண்டும் என்றார். அப்போது எனக்குப் பிள்ளைகள் இல்லை, அதனால் அது சாக்காகத் தெரிந்தது. இப்போது இரண்டு பேர் இருக்கிறார்கள். இனி அந்தச் சொல்லைச் சொல்லமாட்டேன். அதே 2012இல்தான் கனடிய தேசிய அணியின் பொது மேலாளர் பொறுப்பையும் எடுத்தார். அவர் ஆடவந்த காலத்தில் என்பிஏவில் இருந்த கனடியர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 2023 உலகக் கோப்பையில் அமெரிக்காவைத் தோற்கடித்துக் கனடா வெண்கலம் வாங்கியதே, அந்த அணியில் ஷேயும் இருந்தாரே, அந்தப் பாதையில் முதலில் நடந்து காட்டியவர்களில் ஒருவர்தான் நாஷ்.

இவ்வளவும் எழுதிய பிறகும் மனம் ஆறவில்லை. காரணம் அண்ணா. என் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு அவரைத் தெரியும். கார் உதிரிப்பாகங்கள் செய்யும் ஃபாக்டரியில் பின்னேர ஷிஃப்ட். பதினொன்றரைக்குத்தான் வீட்டுக்கு வருவார். ஃபீனிக்ஸில் நடக்கும் ஆட்டம் குளிர்காலத்தில் நமக்கு ஒன்பது மணிக்குத் தொடங்கும். கோடைக்கு இங்கே நேரம் மாற்றினால் பத்து மணி, அவர்கள் நேரம் மாற்றுவதில்லை. அதனால் வசந்தகாலத்தில்தான் அண்ணாவுக்கு இரண்டாம் பாதி முழுதாகக் கிடைக்கும். சாப்பாட்டுத் தட்டோடு வந்து தொலைக்காட்சிக்கு முன்னால் உட்காருவார், சாப்பிட்டதும் தரையில் மல்லாந்து படுத்துவிடுவார். பாரம் தூக்கித் தூக்கி முதுகு போயிருந்தது.

நாஷுக்கும் முதுகில் முள்ளெலும்பு ஒன்றின் மேல் ஒன்று வழுக்கும் கோளாறு. பெஞ்சில் உட்கார்ந்தால் முதுகு இறுகிவிடும் என்று, வெளியே வந்ததும் ஆடுகளத்தின் ஓரத்தில் தரையில் படுத்துக்கொள்வார். கேமரா அவரைக் காட்டும்போதெல்லாம் அண்ணா, "பார், அவனும் படுத்திருக்கிறான்" என்பார். ஃபீனிக்ஸில் ஒருவரும் ஸ்காபரோ பேஸ்மென்டில் ஒருவரும், இரண்டு பேரும் படுத்திருப்பார்கள். பிறகு பயிற்சியாளர் கூப்பிடுவார், அவர் எழுந்து போய்ப் பந்தைக் கொடுப்பார். அடுத்த நாள் மூன்று மணிக்கு அண்ணாவும் எழுந்து வேலைக்குப் போவார்.

அக்காமார் இரண்டு பேரின் கல்யாணம், என் படிப்பு, ஊரில் அம்மாவின் மருந்து, எல்லாம் அந்த முதுகில் இருந்து வந்தது. சில வருடத்துக்கு முன் ஒரு பிறந்தநாள் விழா மண்டபத்தில், எல்லோரும் இருக்கும் மேசையில், சொந்தக்காரர் ஒருவர் அண்ணாவிடம் கேட்டார்: "இவ்வளவு காலம் கனடாவில் இருந்து நீ என்னத்தைக் கண்டாய்? ஒரு வீடு கூட உன் பேரில் இல்லையே." அந்த மேசையில் சிலர் சிரித்தார்கள். அண்ணாவும் சேர்ந்து சிரித்தார். நான் எழுந்து வெளியே போய் காருக்குள் உட்கார்ந்திருந்தேன்.

கூடைப்பந்தில் தொடங்கி எங்கேயோ வந்துவிட்டேன் என்று தெரியும். தம்பி, உன் மேல் கோபம் இல்லை. நீ அந்த மேசையில் இல்லை. ஆனால் நீ கேட்ட கேள்வியும் அந்தக் கேள்விதான்.

லேக்கர்ஸில் இரண்டாவது ஆட்டத்திலேயே நாஷுக்குக் கால் எலும்பு முறிந்தது. அதன் பிறகு முதுகு நரம்பு விடவே இல்லை. பணத்துக்காக விலகாமல் இருக்கிறார் என்று அங்கேயும் திட்டினார்கள். 2014 ஏப்ரலில் ஹூஸ்டனுக்கு எதிராக ஓர் ஆட்டம். 40 வயது. என்பிஏ வரலாற்றின் அசிஸ்ட் கணக்கில் மூன்றாம் இடத்தில் இருந்த மார்க் ஜாக்சன் 10,334 கொடுத்திருந்தார். நாஷ் அன்று 10,335ஆவதைக் கொடுத்தார். அதற்கு மேல் அவரால் என்பிஏவில் ஒன்றும் கொடுக்க முடியவில்லை. அடுத்த மார்ச்சில் ஓய்வு.

அது நமக்கு நடுச்சாமம். அண்ணா வழக்கம்போலத் தரையில் படுத்திருந்தார், தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். அந்தப் பந்து கை மாறியதும், "குடுத்திட்டான்" என்றார். ஆட்டம் முடியும்வரை இருக்கவில்லை. மெல்ல ஒரு பக்கம் திரும்பி, கையை ஊன்றி எழுந்து, படுக்கப் போய்விட்டார்.