1,345 மீட்டர் மேடு

நேற்று நான் மலைப் படம் போட்ட ஆன்லைன் குழுவில் நடந்ததைப் பார்த்தவர்களுக்குக் கதை சொல்லத் தேவையில்லை. பார்க்காதவர்கள் பாக்கியசாலிகள். ஸ்காட்லாந்தின் மிக உயரமான மலையான பென் நெவிஸை நான் எடுத்த படத்துக்குக் கீழே அண்ணன் போட்ட கமெண்ட் இது: "தொட்டபெட்டா 2,637 மீட்டர். இது வெறும் 1,345. இந்த மேட்டுக்கா தம்பி இவ்வளவு பில்டப்?" அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்பு எமோஜி.

கணக்கு சரிதான். தொட்டபெட்டாவுக்கு நானும் போயிருக்கிறேன். கிட்டத்தட்ட உச்சிவரை கார் போகும், இறங்கியதும் சூடாக டீ கிடைக்கும். அருமையான இடம், ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் பென் நெவிஸுக்கு நடக்கத் தொடங்கும் க்ளென் நெவிஸ் பள்ளத்தாக்கு ஏறக்குறைய கடல் மட்டத்தில் இருக்கிறது. அந்த 1,345-இல் கிட்டத்தட்ட அத்தனையும் காலால் ஏற வேண்டியது, முதுகில் கேமராவையும் ட்ரைபாடையும் சுமந்துகொண்டு. மலையை மீட்டரை மட்டும் வைத்து அளக்காதீர்கள். நான் சொல்வது இவ்வளவுதான்.

ஸ்காட்லாந்தில் 3,000 அடியைத் தாண்டிய மலைகளுக்கு மன்றோ என்று பெயர். 1891-இல் ஹியூ மன்றோ என்பவர் போட்ட பட்டியல் அது, இன்றைய கணக்கில் 282 மலைகள். 3,000 அடி என்றால் 914 மீட்டர், ஏற்காட்டைவிடக் குறைவு. சரி, சிரித்துக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியலில் உள்ள கெய்ர்ன்கோர்ம் உச்சியில் 1986 மார்ச்சில் காற்று மணிக்கு 173 மைல் வேகத்தில் அடித்ததாகப் பதிவு இருக்கிறது. அதன் உயரம் 1,245 மீட்டர்.

போன குளிர்காலத்தில் அதே கெய்ர்ன்கோர்மில் ஃபில்டர் மாட்டுவதற்காகக் கையுறையைக் கழற்றினேன். கொஞ்ச நேரத்தில் விரல் எந்தத் திருகைப் பிடித்திருக்கிறது என்றே தெரியவில்லை. ட்ரைபாட் கால்களில் காற்றடிக்கிற பக்கம் மட்டும் பனி இறகு இறகாக ஒட்டியிருந்தது. உள்சட்டைப் பையில் உடம்புச் சூட்டில் வைத்திருந்த பேட்டரியைக் கேமராவில் போட்டதும் பாதிக்கு இறங்கியது. மேகம் ஒரே ஒரு தடவை விலகியது. கிடைத்தது ஒரு படம், அதிலும் லென்ஸ் ஓரத்தில் நீர்த்துளி. இதற்குப் பெயர் பில்டப்.

"வெள்ளைக்காரன் மலை என்றால்தான் கேமரா தூக்குவீர்களா, மேற்குத் தொடர்ச்சி மலை கண்ணில் படாதா?" என்று ஒருவர் வருவார். ஐயா, நான் இருப்பது கிளாஸ்கோவில். சனிக்கிழமை காலையில் கிளம்பி வால்பாறைக்கா போக முடியும்?

"நிறமெல்லாம் எடிட்டிங்" என்று இன்னொருவர். இங்கே டிசம்பர் நண்பகலில்கூடச் சூரியன் அடிவானத்துக்கு மேல் பத்து டிகிரி அளவில்தான் நிற்கும். வெளிச்சம் நாள் முழுக்கச் சாய்வாக விழும். நம்மூரில் விடிகாலையில் சற்று நேரம் மட்டும் கிடைக்கிற வெளிச்சம் அது.

"ஆபத்தான இடத்துக்குப் போய் மீட்புக் குழுவுக்குத் தொல்லை கொடுக்கிறீர்கள்" என்பதில் நியாயம் இருக்கிறது. பென் நெவிஸ் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் லொகாபர் மலை மீட்புக் குழுவினர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். அதை இன்னொரு நாள் பேசலாம்.

பென் நெவிஸ் உச்சியில் மூடுபனி இறங்கிவிட்டால் இறங்குவதற்கு ஒரு கணக்கு உண்டு. திசைகாட்டியை வரைபட வடக்கிலிருந்து 231 டிகிரிக்கு வைத்து 150 மீட்டர் நடக்க வேண்டும், அப்புறம் 282 டிகிரி. பிசகினால் ஒரு பக்கம் வடக்கு முகத்துச் செங்குத்து, மறுபக்கம் ஃபைவ் ஃபிங்கர் கல்லி என்ற செங்குத்தான பள்ளம். அங்கே நின்றுகொண்டு "மேடு" என்று ஒருமுறை சொல்லிப் பார்க்கட்டும்.

கமெண்ட் போட்டவரைவிடச் சிரித்தவர்கள்மேல்தான் எனக்கு வருத்தம். பாதிப்பேர் இதே ஊர்க்காரர்கள், பொங்கலுக்கு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டவர்கள். "ஒருநாள் வாங்க, கூட்டிப்போறேன்" என்று கூப்பிடாத ஆள் இல்லை. "குளிரும்ப்பா" என்பார்கள். சரி, குளிரும். வீட்டிலேயே இருந்துகொண்டு எமோஜி போடுவதற்குக் குளிர் தெரியாதுதான்.

அண்ணன் போன வருடம் குடும்பத்தோடு ஹைலேண்ட்ஸ் வந்தார். க்ளென்கோவில் புவாக்கல் எடிவ் மோர் மலை நன்றாகத் தெரிகிற இடம் எது, வண்டியை எங்கே நிறுத்துவது என்று இரவு பதினோரு மணிக்கு அழைத்துக் கேட்டார். லொகேஷன் அனுப்பினேன், வெயில் எந்நேரம் விழும் என்றும் சொன்னேன். இன்றுவரை அவருடைய கவர் போட்டோ அதுதான். "தம்பி உதவினான்" என்று ஒரு வரி கிடையாது, அதை நான் கேட்கவும் இல்லை. அந்த மலையின் உயரம் 1,021 மீட்டர், அண்ணே.

குழுவிலிருந்து வெளியே வந்துவிட்டேன். இந்தப் பதிவுக்குக் கமெண்ட் மூடியிருக்கிறது.