நைனா சுத்திப் போற தெரு

கொருக்குப்பேட்டையில் எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸுக்குப் போக ஒரே தெருதான். நைனா மட்டும் ரெண்டு தெரு சுத்திப் போவார். வயசான கொத்தனார், முட்டி வலி வேறு. ஏன் சுத்துகிறார் என்று போன வருஷம்தான் வாயைத் திறந்தார்.

அந்தக் குறுக்குத் தெருவில் அவர் கட்டிய வீடு ஒன்று இருக்கிறது. "போர்வெல் தண்ணிய நாக்குல வெச்சுப் பாத்தேன், உப்பு கரிச்சுது. லாரித் தண்ணி வாங்கலாம்னேன். உன் துட்டுலயான்னு மேஸ்திரி கேட்டாரு. அதுலயே கலந்துட்டேன்."

கடலோரம் என்பதால் நம்ம பக்கம் பல இடங்களில் நிலத்தடித் தண்ணீர் உப்புதான். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு ஊற்றும் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக்கூடாது என்று கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தரவிதி ஐஎஸ் 456-லேயே இருக்கிறது. நைனாவுக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. உப்பு கம்பியைத் தின்னும், துரு ஊதிக் கான்கிரீட்டைப் பிளக்கும் என்று தெரியும். தெரிந்தும் கலந்தோமே என்பதுதான் இத்தனை வருஷமாக அவர் நெஞ்சில் கிடக்கிறது.

2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 24 வீடுகள் இருந்த குடியிருப்பு சரிந்தது. விரிசலைப் பார்த்து ஜனங்கள் முன்னாடியே வெளியேறியதால் உயிர் தப்பினார்கள். டிவியில் செய்தி ஓடும்போது நைனா, "எந்த இடம், எந்த இடம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இடத்தின் பேரைச் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார். அவர் வேலை செய்த இடம் இல்லை. அன்றைக்கு எனக்கு ஒன்றும் புரியவில்லை.

வியட்நாம் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்கு வைத்தியம் பார்த்த ஜொனாதன் ஷே என்ற அமெரிக்க மனநல மருத்துவர் இதை அறக்காயம் என்றார். எது சரி என்று எல்லாருக்கும் தெரிந்த இடத்தில், அதிகாரத்தில் இருப்பவரே அதை மீறினால் கீழே இருப்பவன் மனசில் விழும் காயம். போர்க்களத்துக்கு மட்டுமா இது பொருந்தும்? தாங்குகிற சுவருக்குச் சுவர் 4.5 மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்கு, அடியில் கொடுத்த முட்டு 7 நாளாவது நிற்க வேண்டும், அதற்கு மேல் போனால் 14 நாள். சென்ட்ரிங் சாமானுக்கு வாடகை ஏறுகிறது என்று முன்னாடியே பிரிக்கச் சொன்னால் பிரிக்கிறவன் கை நடுங்காதா? தூண் கம்பிகளைச் சுத்தி ஆறு அங்குலத்துக்கு ஒரு ரிங் கட்ட வேண்டிய இடத்தில் ஒன்பதுக்குக் கட்டு என்றால்? முடியாது என்றால் நாளைக்கு வேறு ஆள் வருவான். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தம்பிகளுக்கோ முடியாது என்று சொல்லப் பாஷையும் இல்லை.

கட்டடம் விழுந்தால், "எந்தக் கொத்தனார் கட்டினான்?" என்று கேட்கிறோம். கலவைக் கணக்கைக் கொத்தனாரா முடிவு பண்ணுகிறார்? 1994-ல் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் வந்தது. விபத்துக்கு, பிள்ளைகள் படிப்புக்கு, கல்யாணத்துக்கு உதவி உண்டு. நல்ல விஷயம், போராடி வாங்கியது. அதே வாரியத்தில், "இந்த சைட்டில் தப்பு நடக்கிறது" என்று பேர் சொல்லாமல் சொல்ல ஒரு போன் நம்பர் வேண்டும். சொன்னவனுக்கு வேலை போனால் அந்த நாள் கூலியை வாரியம் தர வேண்டும். கையை நிறுத்துகிற உரிமை கரணை பிடித்தவனுக்கு இருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

போன மாசம் நானே நைனாவை அந்தத் தெருவுக்குக் கூட்டிப் போனேன். சன்ஷேடு அடியில் கான்கிரீட் பெயர்ந்து கம்பி செவசெவ என்று தெரிந்தது. நைனா கதவைத் தட்டி, "அம்மா, இதுக்குக் கீழ பசங்கள நிக்க விடாதீங்க" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாமானோடு போய், துருவைச் சுரண்டி, பூசிக் கொடுத்தார். அந்தம்மா கூலி எவ்ளோ என்று கேட்டதற்கு வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து கை கழுவும்போது என்னிடம் கேட்டார்: "மேல பூசிட்டேன். தூணுக்குள்ள இருக்கறத இன்னா பண்றது?"