சைக்கிள் கடைக்காரர் சிரிக்காவிட்டால் என்ன?

கொழும்பில் ஒரு சைக்கிள் கடையைப் பற்றி யாரிடமாவது விசாரித்துப் பாருங்கள். "ஆள் முகம் கொடுத்துக் கதைக்கமாட்டான்" என்பார்கள். இல்லாவிட்டால், "நல்ல மனுசன், தேத்தண்ணி எல்லாம் தந்தவர்." கூகுள் மேப்பில் போய்ப் பார்த்தாலும் இதே கதைதான். சிரித்தால் ஐந்து நட்சத்திரம், சிடுசிடுத்தால் ஒன்று. அங்கே திருத்திய சில்லு இப்போதும் நேராக ஓடுகிறதா, மழையில் பிரேக் பிடிக்கிறதா என்று எழுதுகிறவர்கள் மிகக் குறைவு.

எனக்கு இதில் நெடுநாள் எரிச்சல் உண்டு. காரணம், சைக்கிள் முழுதாக முடிந்து வரும் சாமான் இல்லை. இறக்குமதியாகும் சைக்கிள் பெட்டிக்குள் வரும்போது முன்சில்லு தனியாக இருக்கும், ஹான்டில் திருப்பிக் கட்டியிருக்கும், பெடல் இரண்டும் ஒரு பைக்குள், பிரேக் கேபிள் தொய்ந்து கிடக்கும். அதைப் பூட்டுகிறவர்தான் மீதிச் சைக்கிளைச் செய்கிறார். சில்லுக் கம்பிகளின் இறுக்கத்தைப் பார்த்து, ரிம்மின் நெளிவெடுத்து, அச்சுக்குள் கிறீஸ் இருக்கிறதா என்று திறந்து பார்த்து, குண்டுகள் இறுகாமலும் ஆடாமலும் நிற்கிற அந்த இடத்தில் கோன் என்கிற கூம்பு நட்டை நிறுத்தி முடிக்க நல்ல நேரம் எடுக்கும். ஒன்றும் பார்க்காமல் நான்கு நட்டை இறுக்கியும் முடிக்கலாம். கடை வாசலில் இரண்டும் ஒரே மாதிரித்தான் மினுங்கும்.

எங்கள் பிளாட்டில் ஒரு சின்னப் பையனுக்குப் பிறந்தநாள் சைக்கிள் வந்தது. ஏசி போட்ட பெரிய கடை ஒன்றில் வாங்கியது. பலூன் கட்டிக் கொடுத்தார்களாம், படம் எடுத்தார்களாம், தகப்பனை "சேர், சேர்" என்று தாங்கினார்களாம். கீழே கார் நிறுத்துமிடத்தில் பையன் ஓடப்போனால், திருப்பும்போதெல்லாம் கால் முன்சில்லில் தட்டுகிறது. குனிந்து பார்த்தால் முன்சில்லைப் பிடித்திருக்கும் முன்கவையைப் பின்முன்னாகப் பூட்டியிருக்கிறார்கள். வளைவு முன்னுக்குப் போவதற்குப் பதிலாகப் பின்னுக்குப் போகிறது, முன்பிரேக் ஓடுகிற பிள்ளையைப் பார்த்து நிற்கிறது. இடது பெடலும் சாய்வாக ஏறியிருந்தது. இடது பெடலின் மரை எதிர்ப்பக்கம் சுற்றும். மிதிக்க மிதிக்கக் கழன்று வராமல் இருப்பதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். அது தெரியாத ஒருவர் வலப்பக்கம் முறுக்கி, ஸ்பனரால் அழுத்தி ஏற்றியிருக்கிறார். பெடல் ஏறும் கிராங்கின் மரை போய்விட்டது. தகப்பனிடம் சொன்னால், "மொடல் அப்படித்தான் எண்டு சொன்னவங்கள்" என்கிறார். அந்தக் கடைக்கும் அவர் ஐந்து நட்சத்திரம் போட்டிருக்கிறார் என்பது தனிக்கதை.

இப்போது நான் போகிற கடையைச் சொல்கிறேன். பாமன்கடைப் பக்கம் ஒரு ஒழுங்கைக்குள் இருக்கிறது. பெயர் எழுதினால் அவருக்கே பிடிக்காது. நான் "நானா" என்பேன், அவர் "தங்கச்சி" என்பார், அதற்கு மேல் உறவு கொண்டாடுகிற ஆள் இல்லை. கேட்டதற்குப் பதில் வரும், சில நேரம் அதுவும் வராது. உட்கார ஒரு பிளாஸ்டிக் முக்காலி உண்டு, பெரும்பாலும் அதில் யாருடையதோ சில்லு உட்கார்ந்திருக்கும்.

அவர் ஒட்டுப் போடுவதைப் பார்த்திருக்கிறேன். டியூப்பைச் சட்டென்று உருவிப் போடுவதில்லை, வால்வு எந்த இடத்தில் இருந்தது என்பதை முதலில் மனதில் வைத்துக்கொள்கிறார். காற்றடித்து, கன்னத்துக்குக் கிட்டப் பிடித்துப் பார்க்கிறார். சரிவராவிட்டால்தான் தண்ணீர்ப் பேசின். ஓட்டை தெரிந்ததும் டியூப்பை டயரின் மேல் அதே மாதிரித் திரும்ப வைத்து, ஓட்டைக்கு நேரே டயரில் என்ன இருக்கிறது என்று உள்ளே விரலால் தடவிக்கொண்டு போகிறார். அன்றைக்கு அகப்பட்டது தலைமயிர் தடிப்பில் ஒரு கம்பித்துண்டு. காலி வீதியில் பஸ், லொறி டயர்கள் வெடித்துச் சிதறும்போது உதிர்கிற கம்பி. குறட்டால் பிடுங்கிக் கையில் தந்தார். அதைப் பிடுங்காமல் டியூப்புக்கு மட்டும் ஒட்டுப் போட்டு அனுப்புகிற கடைகள் நிறைய. அடுத்த நாளே காற்றுப் போகும், நீங்களும் "டியூப் சரியில்லை" என்று புது டியூப் வாங்குவீர்கள்.

இன்னொரு நாள் ஒரு பொடியன் வந்தான், டியூப்பில் பக்கத்துப் பக்கத்தே இரண்டு ஓட்டை. நானா ஆணியைத் தேடவே இல்லை. "தம்பி, காத்துக் குறைச்சலோட குழியில விழுத்திருக்கீங்க" என்றார். ரிம்முக்கும் குழியின் விளிம்புக்கும் இடையில் டியூப் நசிந்தால் அப்படித்தான் சோடியாக வெட்டும். பொடியன் திருதிருவென்று விழித்தான். இப்படிப் பார்த்தவுடன் சொல்லக்கூடிய ஆள் எனக்கு டொக்டர் மாதிரி, அவர் சிரித்தாலென்ன சிரிக்காவிட்டாலென்ன.

என் செயினைப் பற்றி அவர் சொன்ன விதமும் அப்படித்தான். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோவார்களே அடிமட்டம், அதை எடுத்துச் செயினில் வைத்தார். புதுச் செயினில் ஒரு பின்னிலிருந்து எண்ணினால் பன்னிரண்டு அங்குலத்தில் சரியாக இன்னொரு பின் வரவேண்டும். அது எட்டில் ஒரு பங்கு அங்குலம் தள்ளி நின்றால் செயின் போய்விட்டது, பின்சில்லின் ஃப்ரீவீல் பற்களையும் சாப்பிடத் தொடங்கியிருக்கும். என்னுடையது அதில் பாதித் தூரம் தள்ளியிருந்தது. "இப்ப மாத்தினா செயினோட முடியும். விட்டா ஃப்ரீவீலும் சேத்து" என்றார். மாற்றச் சொல்லி வற்புறுத்தவில்லை, அடிமட்டத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார், அவ்வளவுதான்.

இதற்கு முன்பு நான் போன ஒரு கடையில் (அதுவும் கொழும்பில்தான்) பிரேக் கட்டை மாற்றக் கொடுத்த சைக்கிளுக்குச் செயின், கேபிள், இரண்டு டயர் எல்லாம் மாற்றி வைத்திருந்தார்கள். ஒரு ஃபோன் பண்ணிக் கேட்கவில்லை. பழைய சாமான் எங்கே என்றால், "அது வீசியாச்சு மிஸ்." அதைவிட எனக்கு ஏறியது வேறொன்று. அங்கே நான் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் கூட வந்த என் தம்பிக்குப் போய்க்கொண்டிருந்தது. சைக்கிள் என்னுடையது, ஓடுவது நான், காசு என் கைப்பையில். சீற் எவ்வளவு உயர்த்துவது என்று அவனைக் கேட்கிறார்கள். அவனுக்குச் சைக்கிள் ஓடவே சரியாக வராது.

இந்த விஷயத்தில் எனக்குப் பொறுமை குறைவு என்பதை ஒத்துக்கொள்கிறேன். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடம் விட்டால் வெள்ளைச் சீருடையில் பெண் பிள்ளைகள் றோட்டு நிறையச் சைக்கிளில் வருவார்கள், யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். அதே பிள்ளை வெள்ளவத்தைக்கு வந்து குடியேறினால் சைக்கிளை மறந்துவிட வேண்டுமா? மரைன் டிரைவில் ஞாயிறு காலை ஹெல்மெட்டும் இறுக்கிய உடுப்புமாகப் போகிறவர்களைப் பார்த்து, சைக்கிள் ஏதோ வசதியான ஆண்களின் விளையாட்டு என்று சில கடைகள் முடிவு கட்டிவிட்டன. அவர்களும் ஓடட்டும், எனக்கு ஒரு மனஸ்தாபமும் இல்லை. ஆனால் நானாவின் கடையில் காலையில் முதலில் நிற்பவர்கள் பத்திரிகை போடுகிறவரும், பெட்டி பூட்டிய சைக்கிளில் லொத்தர் விற்கிறவரும். அவர்களுடைய வேலையைத்தான் அவர் முதலில் எடுப்பார். அன்றாட வருமானம் அந்தச் சில்லில் ஓடுகிறது என்பது அவருக்குத் தெரியும். விலை கூடிய சைக்கிளோடு வந்த ஒருவர் இதைப் பார்த்து முகம் சுளித்துத் திரும்பிப் போனார். அவர் எத்தனை நட்சத்திரம் போட்டாரோ.

கடைக்காரரை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் நியாயமில்லை, நம்முடைய ஆட்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஒன்லைனில் டயர் வாங்கிக் கொண்டுவந்து "பூட்டித் தாங்கோ" என்பார்கள். அது பூட்டுப்படாவிட்டால் கோபம் கடைக்காரர் மேல். 26 என்று போட்டிருந்தால் 26தானே என்பது அவர்கள் வாதம். இல்லை. 26 × 1⅜ டயர் உட்காரும் இடத்தின் விட்டம் 590 மில்லிமீட்டர், மவுண்டன் சைக்கிளின் 26 × 1.95 உட்காருவது 559இல். ஒன்று மற்றதில் ஏறவே ஏறாது. 28லும் இதே சிக்கல்: பழைய பெரிய சைக்கிளின் 28 × 1½ டயருக்கு 635, இன்றைய 700சி என்கிற மெல்லிய டயருக்கு 622, சிலதில் அதற்கும் 28 என்று அச்சடித்திருக்கிறார்கள். டயரின் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் அந்த மூன்றிலக்க எண்ணைப் பாருங்கள், இல்லையென்றால் பழைய டயரையே கையில் கொண்டு போங்கள்.

டாம் வீதியில் வாங்கப் போகிறவர்களுக்கும் இதையே சொல்வேன். அங்கே சுவர் தெரியாமல் டியூப்பும் டயரும் மட்காட்டும் தொங்கும், வெளியூர் வியாபாரிகள் கட்டுக்கட்டாக ஏற்றிக்கொண்டிருப்பார்கள், உங்களோடு நின்று கதைக்க யாருக்கும் நேரமில்லை. என்ன வேண்டும் என்று தெரிந்து போனால் நல்ல சாமான் கிடைக்கும். தெரியாமல் போய்விட்டு "மரியாதை இல்லை" என்று எழுதுவதில் பிரயோசனமில்லை.

கூலி விஷயத்தில் நாம் செய்கிற அநியாயம் இன்னும் மோசம். சாமானின் விலையை வாய் பேசாமல் கொடுக்கிறோம். நெளிவெடுக்கக் கேட்கிற கூலியில்தான் பேரம். சில்லைத் தலைகீழாக நிறுத்தி, பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் இடையிலுள்ள வெளிச்சத்தைப் பார்த்து, நிப்பிளைக் கால் சுற்று அங்கே கால் சுற்று இங்கே என்று திருகி, கம்பியை விரலால் மீட்டிச் சத்தம் கேட்டு... அதற்கு அவர் கேட்கிறது ஒரு பர்கருக்கு நாம் கொடுப்பதைவிடக் குறைவு. "சும்மா திருகினதுக்கு இவ்வளவா நானா?" என்று ஒருவர் கேட்டதை நானே காதால் கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் சில்லைச் சுற்றிவிட்டார்.

2022இல் இந்தக் கடைகள் இல்லாவிட்டால் என்ன செய்திருப்போம் என்று யோசித்துப் பாருங்கள். ஜூன் கடைசியில் பெட்ரோல் லீற்றர் 470 ரூபா, அந்த விலைக்கும் சாதாரண ஆட்களுக்கு இல்லை, அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும் என்றார்கள். ஷெட் வாசலில் நாள்கணக்கில் வரிசை. மொட்டைமாடியில், மாடிப்படிக்குக் கீழே துருப்பிடித்துக் கிடந்த சைக்கிளெல்லாம் இறங்கி வந்தன. புதுச் சைக்கிளின் விலை ஏறிக்கொண்டே போனது, உதிரிப்பாகமும் தட்டுப்பாடு. நானாவின் கடையில் பழைய சாமான் போடும் ஒரு பெரிய தகரப் பேணி இருக்கிறது. அந்த மாதங்களில் அதைக் கிண்டிக் கிண்டித்தான் பாதிப் பேரின் சைக்கிளை ஓட வைத்தார். இருந்த ஸ்டொக்கைப் பதுக்கி விலை ஏறும்வரை காத்திருந்த கடைக்காரர்களும் உண்டு, அவர்களையும் எங்களுக்குத் தெரியும். எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் முறை வந்து பெட்ரோல் ஓரளவு சீரானதும் சைக்கிள்கள் திரும்ப மாடிக்கு ஏறிவிட்டன. சிலவற்றில் இப்போது துவாய் காய்கிறது.

மாடியில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளைக் கரைப்பக்கம் உப்புக்காற்றுச் செயினையும் கம்பியையும் சும்மா விடாது. ஓடாமல் வைத்திருந்தாலும் துருவேறும். செயினைத் துணியால் துடைத்து ஒயில் போடுங்கள், போட்ட பிறகு வெளியே நிற்கும் ஒயிலையும் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மணலைப் பிடித்து அரைக்கும். கழிவு எஞ்சின் ஒயிலை ஊற்றுகிற பாஸ்மார் இன்னும் இருக்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள், உங்கள் சைக்கிள்தானே.

கடைக்காரர்களிடம், நானா உட்பட, எனக்கு ஒரே ஒரு சண்டை பாக்கி. பற்றுச்சீட்டு. கேட்டால் எழுதித் தரவேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டமே சொல்கிறது. முறைப்பாடு என்றால் 1977க்கு அழைக்கலாம். ஆனால் சின்னக் கடைகளில் சிகரெட் பெட்டி அட்டையில் கூட்டிக் காட்டுவதுதான் பில். சாமானுக்கு இவ்வளவு, கூலிக்கு இவ்வளவு என்று பிரித்து எழுதினால் மேலே சொன்ன கூலிச் சண்டையே பாதி குறையும். சைக்கிள் விற்கும்போது பிரேம் நம்பரையும் அதில் எழுத வேண்டும். பெரும்பாலான சைக்கிள்களில் கிராங் அச்சு ஓடும் பிரேம் குழாயின் அடியில் அது அடித்திருக்கும், தலைகீழாகத் திருப்பினால் தெரியும். களவு போய்ப் பொலிஸுக்குப் போனால் "கறுப்பு நிறம், மணி பூட்டியது" என்று சொல்லி என்ன பயன்? நானாவிடம் இதைச் சொன்னபோது, "எழுதலாம் தங்கச்சி, புத்தகம் ஒண்டு வாங்கோணும்" என்றார். நான் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மேசை லாச்சியில் இருக்கிறது, முதல் பக்கத்தில் என் சைக்கிளின் நம்பர் மட்டும்.

கடை எங்கே என்று கேட்கப்போகிறவர்களுக்கு: பாமன்கடைச் சந்தியில் இறங்கி, லொத்தர் விற்கிற யாரையாவது கேளுங்கள், காட்டுவார்கள். வெள்ளிக்கிழமை பகலில் போகவேண்டாம், ஜும்ஆ முடிந்து இரண்டு மணிக்குப் பிறகுதான் திறப்பார்.