பிரிட்னியின் மொட்டையும் நம் ஊர் மேடையும்

அமெரிக்கப் பாடகி பிரிட்னி ஸ்பியர்ஸ் வீட்டில் ஆடுகிற வீடியோக்களை எடுத்துப் போட்டு "முத்திப்போச்சு" என்று எழுதுகிறார்கள். கீழே வரிசையாகச் சிரிப்பு எமோஜிகள். பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது. அவர் பாட்டு பிடிப்பதும் பிடிக்காததும் வேறு விஷயம். அந்தப் பெண்ணுக்கு என்ன நடந்தது என்று தெரிந்த பிறகும் இப்படிச் சிரிக்க முடியுமா?

லூசியானாவில் கென்ட்வுட் என்கிற சின்ன ஊரில் வளர்ந்தவர். 1998-ல் முதல் பாட்டு வெளிவந்தபோது வயது 16. அடுத்த வருஷமே அந்த முகம் தெரியாத ஊர் இல்லை. அந்த வயதுப் பெண்ணிடம் பேட்டி எடுத்தவர்கள், நீ கன்னியா என்று கூச்சமில்லாமல் கேட்டார்கள். வீட்டை விட்டு வெளியே வந்தால் கேமராக் கூட்டம். அந்தப் படங்களுக்கு நல்ல விலை கிடைத்தது.

2007 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு சலூனுக்குள் போய், தன் கையாலேயே மிஷினை எடுத்து மொட்டை அடித்துக்கொண்டார். விவாகரத்து நடந்துகொண்டிருந்த நேரம். மூத்த பையனுக்கு ஒன்றரை வயதுகூட ஆகவில்லை, இளையவன் கைக்குழந்தை. கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று எடுத்த படங்கள் உலகமெல்லாம் போயின. பைத்தியம் என்பதற்கு அந்த ஒரு படமே போதும் என்று முடிவுகட்டிவிட்டார்கள்.

கடலூர்க்காரியாக எனக்கு இது புரியவே இல்லை. திருவந்திபுரத்தில் தேவநாத சுவாமிக்கு வேண்டிக்கொண்டு மொட்டை போட்ட பெண்கள், தலையில் சந்தனத்தைப் பூசிக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறித் திருப்பாதிரிப்புலியூர் வருகிறார்கள். வயசுப் பெண்களும் அதில் உண்டு. பக்கத்து சீட்டில் உட்காருகிறவர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. சாமிக்குக் கொடுத்த முடி என்றால் கேள்வி கிடையாது. என்னைப் பார்த்தது போதும், விடுங்கள் என்று ஒருத்தி தானாக எடுத்தால் மட்டும் டாக்டரைக் கூப்பிடச் சொல்கிறோம். சின்ன வயதிலிருந்து எல்லோரும் தன்னை மேலும் கீழும் பார்த்ததற்கு, அதுதான் தான் காட்டிய எதிர்ப்பு என்று 2023-ல் வந்த தன் வாழ்க்கைக் கதையில் பிரிட்னியே எழுதியிருக்கிறார்.

மொட்டை அடித்த அடுத்த வருஷம், 2008-ல், கன்சர்வேட்டர்ஷிப் வந்தது. சொந்த முடிவு எடுக்க இயலாதவர் என்று கருதுகிற ஒருவருக்கு நீதிமன்றம் பொறுப்பாளரை நியமிக்கும் ஏற்பாடு அது. அப்பா பொறுப்பாளரானார். மகளின் சொத்தும் அன்றாட வாழ்க்கையும் அவர் பிடிக்குள் போயின. சரி, நோயாளி என்றால் ஓய்வு கொடுத்திருக்க வேண்டாமா? அந்த வருஷக் கடைசியிலேயே புது ஆல்பம். 2009-ல் உலகச் சுற்றுப்பயணம். 2012-ல் டிவி போட்டிக்கு நடுவர். 2013 கடைசியிலிருந்து நான்கு வருஷம் லாஸ் வேகாஸில் தொடர் கச்சேரி. ஆயிரக்கணக்கானோர் முன்னால் ஒரு அடி பிசகாமல் ஆட அவருக்குப் புத்தி இருந்தது, தன் பணத்தில் தன் இஷ்டத்துக்கு ஒரு செக் கிழிக்க மட்டும் இல்லை என்றார்கள். வழக்கில் இரண்டு பக்க வக்கீல்களுக்கும் அவர் பணத்திலிருந்துதான் ஃபீஸ் போனது. தனக்குப் பிடித்த வக்கீலை வைத்துக்கொள்ள 2021 ஜூலையில்தான் அனுமதி கிடைத்தது.

அதற்கு முந்தைய மாதம், ஜூன் 23 அன்று, நீதிபதியிடம் அவரே பேசினார். விருப்பமில்லாமல் லித்தியம் என்கிற மனநோய் மருந்தைக் கொடுத்தார்கள், இன்னொரு பிள்ளை பெற ஆசைப்பட்டும் கருத்தடைச் சாதனத்தை எடுக்க விடவில்லை என்றார். எல்லாம் மகளின் நன்மைக்கே என்பது அப்பா தரப்பு வாதம். நவம்பர் 12-ம் தேதி நீதிமன்றம் அந்த ஏற்பாட்டை முடித்துவைத்தது. 13 வருஷத்துக்கும் மேல் ஆகியிருந்தது.

அமெரிக்காக்காரர் கதை, நமக்கென்ன என்று தள்ளிவிட முடியவில்லை. எங்கள் பக்கம் ஆடி மாதம் மாரியம்மன் கோயில்களில் ஆர்க்கெஸ்ட்ரா வைப்பார்கள். ஒரு கச்சேரியில் மேடைக்குப் பின்னால் நின்றிருந்தேன். நாலு மணி நேரம் பாடிய பெண், ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தாள். ஜிகினாப் பாவாடையில் செம்மண் ஏறியிருந்தது. விழாக் குழுவினர் கவரைக் கொண்டுவந்தபோது அவள் கையை நீட்டவே இல்லை. அண்ணன்தான் வாங்கி, எச்சில் தொட்டு எண்ணிச் சட்டைப் பைக்குள் வைத்தான். அவளுடைய போனும் அதே பையில்தான் இருந்தது. அது அடித்தபோது எடுத்துப் பேசியதும் அவன்தான். "பொறுப்பான பையன்" என்றார் பக்கத்தில் நின்ற பெரியவர். அந்த அண்ணன் கெட்டவன் என்று நான் சொல்லவில்லை, தங்கை மேல் பாசம்கூட இருக்கலாம். ஆனால் ஒரு நாள் அவள் "என் பணம் எங்கே?" என்று சத்தம் போட்டால், அவளைப் பற்றி ஊர் என்ன பேசும் என்று எனக்குத் தெரியும். கோபம் வந்த பெண்ணுக்கு நாம் முதலில் கொடுக்கிற பெயர் அதுதானே.

நிஜமாகவே மனநோய் வந்து தவிக்கிற குடும்பங்கள் உண்டு. மாத்திரை கொடுக்கவும், ராத்திரி தூங்காமல் பார்த்துக்கொள்ளவும் ஒருவர் வேண்டும். அதை நான் மறுக்கவில்லை. நம் நாட்டின் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமே அதற்கு வழி சொல்கிறது: தன் சார்பில் பேச யார் வேண்டும், எந்தச் சிகிச்சை வேண்டாம் என்பதைத் தெளிவாக இருக்கும்போதே அவர் எழுதி வைக்கலாம். நோய் வந்துவிட்டால் ஆள் வாய்பேசாப் பொருளாகிவிடுவதில்லை என்று சட்டத்துக்குத் தெரிந்திருக்கிறது. பிரிட்னி இப்போது நலமாக இருக்கிறாரா? இல்லாமலும் இருக்கலாம். ஆனாலும் அவர் ஆடுவது அவர் வீட்டில், யாரும் டிக்கெட் போட்டு விற்காத ஆட்டம்.

இந்த ஆடிக்குக் கச்சேரி பேசுகிற விழாக் குழுவினர் யாராவது இதைப் படித்தால் ஒன்று கேட்கிறேன். பாட்டு முடிந்ததும் கவரைப் பாடின பெண்ணின் கையில் கொடுங்கள். கையெழுத்தும் அவளிடமே வாங்குங்கள். அப்புறம் அதை அவள் அண்ணனிடம் கொடுக்கட்டும், பேங்கில் போடட்டும், மறுநாளே புடவை எடுத்துத் தீர்க்கட்டும், அது அவள் இஷ்டம்.