மாங்கனீசு கூடினால் ஐ.எம்.பி. குறையும்

மாங்கனீசு போன்ற நுண்தாதுக்களைத் தாராளமாகச் சேர்த்தால் பாக்டீரியா, மரபுப்பொருளின் அலகான நியூக்ளியோடைடை அதிகம் தரும் என்று ஒரு கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. கொரினிபாக்டீரியம் அம்மோனியாஜீன்ஸ் என்ற பாக்டீரியா விஷயத்தில் நடப்பது நேர்மாறு. லிட்டருக்குச் சுமார் 20 மைக்ரோகிராம் என்ற அளவில் மாங்கனீசு பற்றாக்குறையாக இருக்கும்போதுதான் அது சுவையூட்டியாகப் பயன்படும் நியூக்ளியோடைடான ஐ.எம்.பி.யை (இனோசின் மோனோபாஸ்பேட்) வெளியே விடுகிறது. டி.என்.ஏ.வுக்கான மூலப்பொருளை ஆக்கும் ரிபோநியூக்ளியோடைடு ரிடக்டேஸ் நொதிக்கு மாங்கனீசு வேண்டும்; அது போதாதபோது செல் பிரியாமல் நீண்டு, மேலுறை தளர்ந்து கசிகிறது. மாங்கனீசு மிகுந்தாலோ ஐ.எம்.பி.க்குப் பதில் ஹைப்போசாந்தின் என்ற வேறு பொருள்தான் சேரும்.

பெருந்துறைப் பக்கம் நான் வேலை பார்த்த ஆலையில், ஒரு கோடையில் மாங்கனீசு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரை அப்படியே ஊற்றி ஒரு தொட்டி முழுவதையும் இழந்தோம். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. பாக்டீரியாவுக்கு உணவாக ஊற்றும் கரும்பாலைக் கழிவுப்பாகிலும் மாங்கனீசு உண்டு. லாரிக்கு லாரி அளவு மாறும். ஈரோடு, கோவையில் இத்தொழிலைத் தொடங்க நினைப்பவர்கள் தண்ணீரையும் பாகையும் முதலில் பரிசோதியுங்கள்.