குளோஸ் கிப்பன் குட்டிச் சியாமங் அல்ல

இந்தோனேசியாவின் மெந்தாவாய்த் தீவுகளில் வாழும் வாலில்லாக் குரங்கான கறுப்புக் குளோஸ் கிப்பன், பெரிய கறுப்புக் கிப்பனான சியாமங்கின் சிறிய வகைதான் என்று வீடியோவோடு பகிரப்படுகிறது. 1903இல் முதன்முதலாக விவரிக்கப்பட்டபோது அதைச் சியாமங் பேரினத்தில்தான் சேர்த்தார்கள். குழப்பத்துக்கு அதுவும் காரணம். உண்மையில் இது தனி இனம். இதற்குக் குரோமோசோம் 44, சியாமங்குக்கு 50.

அந்த வீடியோவிலேயே சரிபார்க்கலாம். குரல் எழுப்பும்போது தொண்டையைக் கவனியுங்கள். சியாமங்குக்கு மயிரில்லாத தோல்பை பந்துபோல் உப்பி நிற்கும்; குளோஸ் கிப்பனுக்கு அப்படி உப்பாது. பிறகு ஒலி: சியாமங் ஜோடியாகப் பாடும், இதிலோ ஆண் பெரும்பாலும் விடியுமுன் தனியே, பெண் விடிந்தபின் தனியே. நிறத்தையும் உருவத்தையும் மட்டும் நம்பாதீர்கள், சியாமங் குட்டியும் கறுப்புதான்.

சிபெருட், சிபோரா, இரண்டு பகாய் தீவுகள் தவிர வேறெங்கும் இது இயற்கையாக வாழ்வதில்லை. சியாமங் என்று எண்ணிவிட்டால், ‘அதுதான் சுமாத்ராவில் இருக்கிறதே’ என்று இதைக் காக்கும் அக்கறையை விட்டுவிடுவோம்.